மல்லாட்டைப் பாலும் கொக்கோவும்



பள்ளித் தேர்வு நெருங்கும் நாட்களில் நம் தாய்மார் பலர் தவறாமல் எழுப்பும் கேள்விகள் இரண்டு. "சாமி, பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, குடித்த நாழிகைக்குள் வயிறு உப்பிக்கொள்கிறது. பாலுக்கு மாற்றாக என்ன கொடுப்பது?" என்பது ஒன்று. "சாக்லேட் மணம் இருந்தால்தான் குடிப்பேன் என்று அடம்பிடிக்கிறான், டப்பாவின் விலையோ மாதந்தோறும் ஏறுகிறது, அதை வாங்கிக் கொடுப்பது நல்லதுதானா?" என்பது மற்றொன்று. இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே குவளையில் விடை தரலாம் என்பதே இம்மாதத்துச் செய்தி. அதற்கு வேண்டிய பொருள்களுள் கொக்கோத் தூள் ஒன்றைத் தவிர ஏனையவை யாவும் விழுப்புரம், திண்டிவனம் சந்தைகளில் நாளும் கிடைப்பவை. பெரும்பாலும் நம்மவரே விளைவிப்பவை.

பால் ஏன் சிலருக்கு ஒவ்வாது?

முதலில் பாலைப் பற்றித் தெளிவு பெறுவோம். பாலில் லாக்டோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரை இயற்கையாகவே உண்டு. அதனைச் செரிக்கச் செய்யும் நொதி கைக்குழந்தையின் குடலில் நிறையச் சுரக்கிறது; தாய்ப்பால் மறக்கும் பருவத்துக்குப் பிறகு பலருக்கு அது படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. உலக மக்களுள் பெரும்பாலோரின் இயல்பு இதுவே; தென்னாட்டவரிடையே இவ்வியல்பு மிகுதி. செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்து, வாயுவையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகிறது. ஆகவே, பால் குடிக்க மறுக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று அடித்துத் திருத்த முயல்வது அறியாமையாகும். இத்தகையோருள் பலருக்கு மோரும் தயிரும் ஒத்துக்கொள்ளும். ஏனெனில், புளிக்கும்போதே அச்சர்க்கரையின் ஒரு பகுதி மாறிவிடுகிறது.

பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலிலுள்ள புரதத்தை உடல் பகையாகக் கருதித் தடிப்பும் வீக்கமும் மூச்சுத் திணறலும் கொள்வது. அத்தகைய பிள்ளைகளுக்கு மோரும் ஆகாது. மருத்துவரின் சொற்படியே நடத்தல் வேண்டும்.

செடி தரும் பால் நமக்குப் புதிதன்று

"செடியிலிருந்து பாலா? இது நகரத்தார் கொண்டுவந்த புது மோகம்" என்று நகைப்போர் சிலர் உளர். ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் தேங்காய்ப்பால் எந்த மாட்டிடம் கறந்தது? மதுரைத் தெருக்களில் மாலை வேளையில் விற்கும் பருத்திப்பால், பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் கூட்டிக் காய்ச்சியது. வித்தை அரைத்துப் பால் எடுக்கும் கலை நம் பாட்டிமாரின் அம்மியில் பிறந்தது.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமன்றிப் பாலும் வெண்ணெயும் முட்டையுங்கூட விலக்கப்பட்டிருந்தன. அந்நாட்களில் துறவு மடங்களிலும் செல்வர் இல்லங்களிலும் வாதுமைப் பருப்பை அரைத்துப் பிழிந்த பாலே சமையலுக்குக் கைகொடுத்தது. அக்காலச் சமையல் நூல்களில் வாதுமைப் பால் இல்லாத நூலைக் காண்பது அரிது. இன்று நம் சுத்தபோசன நாட்களில் பாலுக்குத் தடையில்லை. ஆயினும், ஒறுத்தலை முன்னிட்டு அதனைத் தவிர்க்க விரும்புவோர்க்கு வழி பழையதே.

வாதுமை நம் கைக்கு எட்டாத விலை. நமக்கு ஆண்டவர் தந்திருப்பது மல்லாட்டை.

மணிலாவிலிருந்து வந்த விருந்தாளி

நூல்களில் நிலக்கடலை என்றும், பிற மாவட்டங்களில் வேர்க்கடலை என்றும் வழங்குவதை நாம் மல்லாட்டை என்கிறோம். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று நாவில் தேய்ந்து வந்த சொல் அது. அது வந்த வழியைப் பெயரே சொல்லுகிறது. தென்னமெரிக்காவில் பிறந்த இப்பயிரைக் கடல் கடந்து கொண்டுவந்தோர் ஐரோப்பியர். மெக்சிகோ நாட்டின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன் தீவுகளின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவ்வழியே கீழை நாடுகளுக்கு வந்த பயிர்கள் பல.

செம்மண்ணும் மணல் கலந்த இளகிய மண்ணும் இதற்கு உகந்தவை. நிலத்துக்கு மேலே பூத்து, கருவுற்ற பின் பூவின் காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயாகும் விந்தையான செடி இது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருதலால், வளம் குறைந்த புன்செய்யிலும் விளையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சு நாட்டு மார்சேய் நகருக்கு ஏற்றுமதியாகி, அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது அவ்வணிகம் மேலும் எளிதாயிற்று. நம் முன்னோர் விதைத்தது மார்சேய் ஆலைக்காரரின் பெட்டியை நிரப்பியது.

திண்டிவனத்துக்கு இதில் தனிப் பெருமை உண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அது வெளியிடும் இரகங்களின் பெயருக்கு முன்னே வரும் டி.எம்.வி. என்னும் எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்னும் கொத்துக் கடலை, குடியாத்தம் கொத்து இரகத்திலிருந்து பொறுக்கித் தேர்ந்தது. தமிழகத்தோடு நில்லாமல் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பரவி, பல பத்தாண்டுகள் உழவரின் நம்பிக்கைக்கு உரியதாய் இருந்தது அது. 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. அனந்தப்பூரின் வறண்ட வயலில் உழுத ஏழைக் குடியானவனும் நம் திண்டிவனத்தின் பெயரை அறிந்திருந்தான் என்பது சிறிய செய்தியன்று.

உணவு என்ற முறையில் மல்லாட்டையின் மதிப்பு என்ன? 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 40 கிராமுக்கு மேல் கொழுப்பும் உள்ளன. அமெரிக்காவில் அடிமைக் குடும்பத்தில் பிறந்து வேளாண் அறிஞராய் உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1921 சனவரியில் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் மல்லாட்டையில் செய்த பொருள்களை வரிசையாக எடுத்து வைத்தபோது, மல்லாட்டைப் பாலும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. நம் நாட்டில், மைசூரில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், மல்லாட்டை மாவு மூன்று பங்கும் கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்துப் பல்நோக்கு உணவு ஒன்றை உருவாக்கியது; மல்லாட்டைப் புரதத்தைப் பாலோடு கலந்து மில்டோன் என்னும் பானத்தையும் ஆக்கியது. ஏழைக் குழந்தைகளின் புரதக் குறையைப் போக்க அறிஞர்கள் முதலில் நாடிய பொருள்களுள் நம் மல்லாட்டையும் ஒன்று.

சாக்லேட் முதலில் பால் அறியாதது

இனிக் கொக்கோவுக்கு வருவோம். இதுவும் அமெரிக்க மண்ணில் பிறந்ததே. கொக்கோ மரத்தின் காயை உடைத்து, வெண்மையான சதையோடு விதைகளைச் சில நாட்கள் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் சாக்லேட்டின் மணம் பிறக்கிறது. புளிக்கவைக்காத விதையில் அம்மணம் இராது. மாயர், ஆஸ்டெக்கு மக்கள் இதனை நீரில் கரைத்து, மக்காச்சோளக் கூழும் மிளகாயும் கூட்டி, நுரை பொங்க ஆற்றிக் குடித்தனர். அவர்களிடம் பசு இல்லை, பாலும் இல்லை. ஐரோப்பியர் கையில் வந்த பின்னரே கரும்புச் சர்க்கரையும், காலப்போக்கில் பாலும் அதில் கலந்தன. பால் சேர்த்த கட்டிச் சாக்லேட்டை சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் உருவாக்கியது 1875இல்தான். ஆகவே பாலின்றிச் சாக்லேட் பானம் செய்வது குறைபாடுடைய மாற்று வழியன்று. அதன் பிறந்த வீட்டு வழக்கமே அது.

நம் வாசகர் சிலர் அறிந்திராத செய்தி ஒன்றையும் இங்கே சொல்லலாம். சாக்லேட் குடித்தால் ஒருசந்தி முறியுமா முறியாதா என்று கத்தோலிக்க உலகில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழக்காடினார்கள். உணவு என்று கொண்டால் முறியும். பானம் என்று கொண்டால் முறியாது. 1636இல் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ என்பவர் மத்ரித் நகரில் இதற்கென்றே ஒரு தனி நூல் வெளியிட்டார். சாமிநாதர் சபைக் குருக்கள் பலர் கண்டிப்பின் பக்கமும், இயேசு சபைக் குருக்கள் பலர் தளர்வின் பக்கமும் நின்றனர். 1664இல் கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரங்காச்சியோ உரோமையில் வெளியிட்ட நூலில், நீரில் கரைத்த சாக்லேட் பானமேயாதலால் ஒருசந்தியை முறிக்காது என்று வாதிட்டார். இன்று இது நமக்குப் புன்னகை தரலாம். ஆனால் அவ்வழக்கினுள்ளே நல்லதொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: நாம் குடிப்பது தாகத்துக்கா, பசிக்கா, நாவின் ஆசைக்கா? பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் ஒவ்வொரு டப்பாவின் முன்னும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.

1753இல் தாவரவியல் அறிஞர் லின்னேயுஸ் இம்மரத்துக்குத் தெய்வங்களின் உணவு என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் சூட்டினார். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இதனைக் குற்றாலத்தில் நட்டனர். இந்திய மண்ணில் கொக்கோ கால் ஊன்றியது அங்கேதான். வாணிக முறையில் பயிரிடப்பட்டது வெகு காலத்துக்குப் பின்னர். இன்று ஆந்திரம், கேரளம், கருநாடகம், நம் பொள்ளாச்சிப் பக்கம் ஆகிய இடங்களில் தென்னை, பாக்குத் தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக விளைகிறது.

1828இல் ஆலந்து நாட்டு வான் ஹௌட்டன் என்பார் உரிமம் பெற்ற அழுத்துபொறி, கொக்கோவின் கொழுப்பில் பெரும் பகுதியைப் பிழிந்தெடுத்தது. எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே கொக்கோத் தூள். நமக்கு வேண்டியது இத்தூளே. கசப்பும் மணமும் உடையது, இனிப்பற்றது.

செய்முறை

இக்காலத்து இளைஞர் ஸ்மூத்தி என்று சொல்லுவது, பழமும் பாலும் சேர்த்துக் கூழ்போல் அடித்த பானத்தை. நம் கேழ்வரகுக் கூழைக் குடித்துப் பழகிய நாவுக்கு அது அயலானது அன்று. நான்கு குவளைக்கு வேண்டிய அளவு பின்வருமாறு:

மல்லாட்டைப் பருப்பு 100 கிராம், முளைகட்டிய கேழ்வரகு மாவு 20 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, நன்கு கனிந்த வாழைப்பழம் நடுத்தர அளவில் இரண்டு, இனிப்பற்ற கொக்கோத் தூள் தலைதட்டிய நான்கு தேக்கரண்டி, பனைவெல்லம் 30 கிராம், ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை.

முதலில் மல்லாட்டையை முறத்தில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் பொறுக்குங்கள். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் படிந்தவை, உடைந்து கறுத்தவை அனைத்தையும் ஒதுக்கிவிடுங்கள். இப்படியைச் சோம்பலால் விடுதல் ஆகாது. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவேன்.

பொறுக்கிய பருப்பை இரும்புச் சட்டியில் இட்டுச் சிறு தீயில், தோல் கழலும் அளவுக்கு மட்டும் வறுங்கள், சிவக்க வேண்டுவதில்லை. ஆறியதும் கையால் தேய்த்துத் தோலைப் புடைத்து நீக்குங்கள். வறுக்காத பருப்பில் எடுத்த பாலில் ஒரு பச்சை வாடை தங்கிவிடும். பிள்ளைகள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அவ்வாடையாலேயே. தோல் நீக்கிய பருப்பை வெதுவெதுப்பான நீரில் நான்கு மணி நேரம் ஊறவிட்டு, அந்நீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு 700 மில்லி நல்ல நீரை அளந்துகொண்டு, அதில் சிறிது விட்டு முதலில் விழுதாக அரைத்து, மீதியைச் சேர்த்து மறுபடி ஓட்டி, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். முதலிலேயே நீர் முழுவதையும் ஊற்றினால் பருப்பு சரியாக மசியாது, பால் நீர்த்துப்போகும்.

வடித்த பாலை அடி கனத்த பாத்திரத்தில், துழாவிக்கொண்டே, கொதி வந்த பின்னும் பத்து நிமிடம் சிறு தீயில் காய்ச்சுங்கள். இது எளிதில் பொங்கும், அடியும் பிடிக்கும், அருகிலேயே நிற்க வேண்டும். காய்ச்சுவதால் பச்சை வாடை அடங்குவதோடு, புரதம் செரிப்பதற்குத் தடையான சில பொருள்களும் வலுவிழக்கின்றன.

மற்றோர் அடுப்பில் கேழ்வரகு மாவை 150 மில்லி நீரில் கட்டியின்றிக் கரைத்து, பளபளப்பு ஏறும் வரை கஞ்சியாகக் காய்ச்சி இறக்குங்கள். பானத்துக்கு உடம்பு கொடுப்பது இதுவே. மாயர் மக்காச்சோளக் கூழில் கண்டதை நாம் கேழ்வரகில் காண்கிறோம். பனைவெல்லத்தைச் சிறிது சுடுநீரில் கரைத்து, மணல் நீங்க வடிகட்டி வையுங்கள். பனை மிகுந்த மாவட்டம் நம்முடையது. விக்கிரவாண்டிப் பக்கத்து நரசிங்கனூர், பூரிக்குடிசை போன்ற ஊர்களில் இன்றும் பனையேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுகிறார்கள். பருவத்தில் அவர்களிடமே வாங்கினால் கலப்படமும் இராது. உழைத்தவன் கையில் பணமும் சேரும்.

கொக்கோத் தூளை நேரே குளிர்ந்த பாலில் கொட்டாதீர்கள். அதில் எஞ்சிய கொழுப்பு நீரை ஏற்காமையால் கட்டி கட்டியாக மிதக்கும். ஒரு கிண்ணத்தில் தூளை இட்டு, சூடான மல்லாட்டைப் பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் குழைத்து, மையைப் போலானதும் மீதிப் பாலோடு சேருங்கள். சிட்டிகை உப்பை இப்போது இடலாம். கசப்பைச் சற்று அடக்கி மணத்தை எடுத்துக் காட்டும்.

யாவும் நன்கு ஆறிய பின், பால், கஞ்சி, வெல்லக் கரைசல், வாழைப்பழம், பொடித்த ஏலம் அனைத்தையும் மிக்சியில் இட்டு, நுரை எழ ஒரு நிமிடம் அடியுங்கள். வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் சேர்த்தால் திரியக்கூடும். ஆகையால் பொறுமை வேண்டும். மின்சாரம் இல்லாத வேளையில், பழத்தைக் கையால் பிசைந்து மத்தால் கடைந்தாலும் போதும். பனிக்கட்டி தேவையில்லை, பாலை மட்டும் முன்னதாகக் குளிரவைத்தால் கோடைக்கு இதமாக இருக்கும். வாழைப்பழம் கலந்த பின் நேரம் செல்லச் செல்ல நிறம் கறுத்துச் சுவை மாறும். ஆதலால் அடித்தவுடன் குடித்துவிடுவது முறை. காய்ச்சிய மல்லாட்டைப் பாலைக் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். வெளியே வைத்தால் பசும்பாலைப் போலவே கெடும்.

பிழிந்த சக்கையை எறிந்துவிடாதீர்கள். மிளகாயும் புளியும் கூட்டித் துவையல் ஆக்கலாம். அடை மாவில் சேர்க்கலாம். பொரியலில் தேங்காய்த் துருவலுக்குப் பதிலாகத் தூவலாம். புரதத்தில் ஒரு பகுதி அதில்தான் தங்கியிருக்கிறது.

அறிந்துகொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

பூசணம் பற்றிச் சொல்லுவதாகக் கூறினேன். 1960இல் இங்கிலாந்து நாட்டில் ஏறத்தாழ 1,00,000 வான்கோழிகள் காரணம் புரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது அவற்றின் தீவனத்தில் இருந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் ஒரு பூசண நஞ்சு கலந்திருந்தது தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்று பெயர் பெற்ற அந்நஞ்சு ஈரலைத் தாக்குவது. நாளடைவில் ஈரற் புற்றுநோய்க்கும் காரணமாவது. சமையலறை வெப்பத்தில் அது அழிந்துவிடாது. வறுத்தாலும் காய்ச்சினாலும் நஞ்சு நஞ்சே. தடுக்கும் வழி காயை நன்றாக உலர்த்துவதும், ஈரம் படாமல் சேமிப்பதும், ஐயத்துக்குரிய பருப்பைப் பொறுக்கி எறிவதும்தான். மழையில் நனைந்த மூட்டையை மலிவு என்று வாங்காதீர்கள். கசக்கும் பருப்பை விழுங்காமல் துப்பிவிடப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

மல்லாட்டை சிலருக்கு ஒவ்வாது. முதன்முறை கொடுக்கும்போது சில கரண்டிகளே கொடுத்துப் பாருங்கள். உதடு வீங்குதல், உடம்பில் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் ஏதேனும் தோன்றினால் கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அப்பிள்ளைக்கு மீண்டும் மல்லாட்டை கூடாது.

கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே உணவு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக எந்தச் செடிப்பாலும் ஆகாது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இப்பானம் பசும்பாலுக்கு முற்றும் நிகராகாது என்பதை மறைத்தல் தகாது. ஒரு குவளைப் பசும்பாலில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. நம் பானத்தில், சக்கையில் தங்கியது போக, 4 கிராம் அளவு கிடைக்கலாம். சுண்ணாம்புச் சத்தோ பசும்பாலில் உள்ளதில் சிறு பகுதியே. ஆகையால் பால் ஒவ்வாத பிள்ளைகளுக்குக் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, ஒத்துக்கொண்டால் மோர் ஆகியவற்றை அன்றாட உணவில் சேர்க்க வேண்டும். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவுமே உண்ணாதவர்க்குப் பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு நேரும். அது பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

நீரிழிவு உடையோர் பனைவெல்லம் என்பதால் தைரியம் கொள்ள வேண்டா. வெல்லம் எவ்வகையாயினும் பெரும்பகுதி சர்க்கரையே. அவர்கள் வெல்லத்தை விட்டுவிட்டு, பழத்தையும் பாதியாக்கிக்கொள்ளலாம். கொக்கோவில் காப்பியில் உள்ளது போன்ற, உறக்கத்தைக் கலைக்கும் பொருள்கள் சிறிதளவு உண்டு. சிறு பிள்ளைகளுக்கு இரவில் கொடாமல் காலையிலோ பள்ளி விட்டு வந்ததுமோ கொடுப்பது நன்று.

டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள்

கடையில் விற்கும் சாக்லேட் மாவுகளின் முன்புறத்தில் ஓடும் சிறுவனும் உயரும் அளவுகோலும் இருக்கும். பின்புறத்தைப் படியுங்கள். சேர்க்கப்பட்ட பொருள்களை எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்பது சட்டம். முதலிரண்டு இடங்களுக்குள் சர்க்கரை இருந்தால், நீங்கள் பெருமளவு வாங்குவது சர்க்கரையே என்று அறிக. 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் தந்த அறிவுரைப்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நலம். நம் பானத்தில் ஒரு குவளைக்குச் சேர்த்த வெல்லம் 7 அல்லது 8 கிராமே. நாளடைவில் அதையும் குறைக்கலாம். கனிந்த பழமே இனிப்பைத் தாங்கும்.

2024 ஏப்ரலில் மத்திய வணிகத்துறை அமைச்சகம், இத்தகைய பானங்களை நலந்தரும் பானங்கள் என்னும் தலைப்பிலிருந்து நீக்குமாறு இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம். ஆண்டுக் கணக்காக எத்தனை கூலித் தொழிலாளிகள் தம் வயிற்றைக் கட்டி, பிள்ளை நலம் பெறும் என்னும் நம்பிக்கையில் அந்த டப்பாக்களை வாங்கினார்கள்! ஏமாந்தவர்களை நான் குறை கூறேன். அன்பினால் வாங்கினார்கள். அவ்வன்பு இனி அறிவோடு சேரட்டும்.

கொக்கோவைப் பற்றியும் ஒரு மனச்சான்றுக் கேள்வி உண்டு. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரண்டு நாடுகளில் விளைகிறது. அங்கே கொக்கோத் தோட்டங்களில் உழைக்கும் சிறுவர் சிறுமியர் 15 இலட்சத்துக்கு மேல் என்று, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அவர்களுள் பலர் கத்தி எடுத்துக் காய் உடைக்கிறார்கள், சுமை தூக்குகிறார்கள். நம் பிள்ளையின் குவளையில் மணக்கும் தூளுக்குப் பின்னால் பள்ளி காணாத ஒரு பிள்ளையின் கை இருக்கலாம். இதனால் கொக்கோவையே துறந்துவிடச் சொல்லவில்லை. துறந்தால் அவ்வேழை உழவர்க்கு வேறு வழி பிறந்துவிடாது. அளவோடு வாங்குங்கள், இயலுமாயின் நம் தென்னாட்டில் விளைந்து அரைத்ததைக் கேட்டு வாங்குங்கள், வாங்கியதை வீணாக்காதீர்கள். ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டிதான் வேண்டும். அதற்கு மேல் இட்டால் கசப்பே மிகும்.

இல்லத்தாருக்கு ஒரு சொல்

இந்தப் பானத்தைச் செய்ய ஒருவர் போதும். ஆனால் ஒருவரிடமே விட்டுவிடாதீர்கள். மல்லாட்டை பொறுக்குவது பாட்டிக்கும் பேரனுக்கும் உரிய வேலை. தோல் புடைப்பதைப் பெண்பிள்ளைக்கு மட்டும் ஒதுக்காமல் ஆண்பிள்ளையின் கையிலும் முறத்தைக் கொடுங்கள். பால் பிழிய வலுவான கை வேண்டும். வீட்டுத் தலைவர் அதற்கு முன்வரட்டும். பொறுக்கும்போது பிள்ளைகளிடம், இது எந்த ஊர் நிலத்தில் விளைந்தது, விழுப்புரம் கமிட்டியில் மூட்டைக்கு என்ன விலை போகிறது, அவ்விலையில் உழவனுக்கு என்ன மிஞ்சும் என்று பேசுங்கள். தம் வாய்க்குச் செல்லும் உணவின் விலையையும் வியர்வையையும் அறிந்த பிள்ளை, நாளை பிறர் பசியை எளிதில் மறவான்.

வாரத்துக்கு இரண்டு நாள் செய்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் பால் ஒவ்வாத பிள்ளை இருந்தால், மல்லாட்டை ஆகுமா என்று அதன் தாயிடம் கேட்டறிந்து, ஒரு குவளை அங்கும் செல்லட்டும். நூற்றாண்டுகளாக நம் செம்மண் விளைவித்ததைப் பிறர் எண்ணெயாக்கிக் கொண்டு சென்றார்கள். அதன் பாலையாவது நம் பிள்ளைகள் குடிக்கட்டும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை